மணலியில் இரண்டு பெட்டிகள்

முதல் நாள், வியாழன்

திண்டிவனத்தில் காலை ரயிலேறி எழும்பூரில் இறங்கி, மெட்ரோவில் சென்ட்ரல் வந்து வண்டி மாறித் திருவொற்றியூர் தேரடியில் இறங்கியபோது மணி பதினொன்றரை ஆகிவிட்டது. தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் ஓர் அளவு நாடா, ஒரு டார்ச், எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் தீர்மான நகல். விதை மல்லாட்டையைச் சேமித்து வைக்க இருபது அடிக் கப்பல் பெட்டிகள் இரண்டு வாங்குவதென்றும், பார்த்து வாங்கிவரும் பொறுப்பு கணக்கு எழுதும் என்னுடையது என்றும் அதில் எழுதியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் நிலக்கடலை என்று சொன்னால் கடைக்காரர்கூட ஒரு கணம் யோசிப்பார், மல்லாட்டைதான் பெயர்.

போன பருவத்தில் வாடகைக் கிடங்கில் வைத்த விதையில் எலி தின்றது போக, மிச்சம் இருந்ததில் பெரும்பகுதி முளைக்கவில்லை. சொந்தமாகக் கிடங்கு கட்ட மதிப்பீடு வாங்கி வாசித்த நாளில் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்போதுதான் எனக்குத் திருவொற்றியூர் மாமாவின் நினைவு வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கண்டெய்னர் பழுதுபார்க்கும் யார்டுகளில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சுத்தியல் சத்தத்தில் வலது காது பாதி கேட்காது, ஆனால் இரும்பைத் தட்டினால் எழும் ஓசையில் உள்ள வித்தியாசம் மட்டும் அந்தக் காதுக்கும் கேட்டுவிடும் என்று அத்தை கேலி செய்வார்.

சுரங்கத்தை விட்டு மெட்ரோ மேலேறியதும் வலப்புறம் கடலும், கடலுக்கு முன்னால் எண்ணூர் விரைவுச் சாலையும் தெரிந்தன. சாலையில் பெட்டி ஏற்றிய ட்ரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுகொண்டிருந்தன. ஓடுவதைவிட நிற்பதுதான் அந்தச் சாலையில் அவற்றுக்குப் பழக்கம். சென்னைத் துறைமுகத்தின் கண்டெய்னர் முனையம் 1983-இல் வந்தது. எண்ணூர்த் துறைமுகம், இன்றைய காமராஜர் துறைமுகம், 2001-இல் திறக்கப்பட்டது. காட்டுப்பள்ளியில் 2013-இல் பெட்டிகள் இறங்கத் தொடங்கின. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடற்கரையில் மூன்று துறைமுகங்கள் என்றால் இறங்கும் பெட்டிகளை எங்கே வைப்பது? தண்டையார்பேட்டையில் கான்கார் நிறுவனத்தின் உள்நாட்டுப் பெட்டி நிலையம் ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. மணலி, மாதவரம், புழல், விச்சூர் என்று உள்ளே தள்ளி இருக்கும் ஊர்களில் சுங்கச் சோதனை நடக்கும் சரக்கு நிலையங்களும், அவற்றைச் சுற்றிக் காலிப் பெட்டிகளை அடுக்கி வைக்கும் எம்ப்டி யார்டுகளும் பரவிக் கிடக்கின்றன. பழைய பெட்டி வாங்குகிறவர் துறைமுக வாசலுக்குப் போவதில்லை. இந்த யார்டுகளைத்தான் சுற்ற வேண்டும்.

மாலையில் மாமா என்னை உட்காரவைத்து ஒரே ஒரு பாடம் நடத்தினார். பெட்டிக்கு உடம்பு வேறு, ஜாதகம் வேறு. இரண்டையும் ஒரே நாளில் பார்க்காதே, ஒன்று பிடித்துப்போனால் இன்னொன்றில் கண் மங்கிவிடும் என்றார். நாளை உடம்பு, நாளை மறுநாள் காகிதம் என்று முடிவாயிற்று.

இரண்டாம் நாள், வெள்ளி

ஏழு மணிக்கு முன்பே மாமாவின் ஸ்கூட்டரில் கிளம்பினோம். சாத்தங்காடு இரும்புச் சந்தையையும் பக்கிங்காம் கால்வாய்ப் பாலத்தையும் கடந்ததும் மணலியின் வாசம் வந்துவிட்டது. சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் அவற்றைச் சுற்றிய வேதி ஆலைகளும் சேர்ந்து தயாரிக்கும் அந்த நெடியைப் பற்றி இங்கே குடியிருப்பவர்கள்தான் எழுத வேண்டும். நான் வந்த வேலைக்கு அது ஒரு தொந்தரவு என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன், காரணம் பிறகு வரும். 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறிய சில நாட்களில், மணலிப் பகுதியின் ஒரு சரக்கு நிலையத்தில் 2015 முதல் 37 பெட்டிகளில் சுமார் 697 டன் அம்மோனியம் நைட்ரேட் கிடக்கிறது என்ற செய்தி வெளியாகி, அதை அவசர அவசரமாக ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். அந்த வாரம் இந்தப் பக்கத்து ஜனங்கள் தூங்கவில்லை என்று மாமா வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னார். மூடிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதும், முன்பு என்ன இருந்தது என்பதும் வெளியில் நிற்பவருக்குத் தெரியாது என்பதுதான் இந்தச் சரக்கின் முதல் குணம்.

யார்டுக்குள் பெட்டிகளை ஐந்து அடுக்காக ஏற்றி வைத்திருந்தார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் சன்னலே இல்லாத ஒரு குடியிருப்பு போல இருந்தது. மேற்பார்வை பார்க்கும் இளைஞர், கப்பலில் மறுபடி ஏறத் தகுதியுள்ள கார்கோ வொர்தி பெட்டி வேண்டுமா, காற்றும் தண்ணீரும் புகாமல் இருந்தால் போதுமா, இருக்கிறபடியே எடுத்துக்கொள்கிறோமா என்று மூன்று தரங்களைச் சொன்னார். முதலாவது எங்களுக்குத் தேவையில்லை. விதைக்குக் கடல் தாண்டும் யோசனை கிடையாது. மூன்றாவது ஆபத்து. நடுவில் உள்ளதற்குத்தான் வந்திருந்தோம்.

கப்பல் கம்பெனிகளும் வாடகைக்கு விடும் கம்பெனிகளும் ஒரு பெட்டியைப் பொதுவாகப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் ஓட்டியபின் விற்றுவிடுகின்றன. வயதான காலிப் பெட்டியை இன்னொரு துறைமுகத்துக்குச் சுமந்து போகும் செலவு அதன் மதிப்பைத் தின்றுவிடும் என்பதால், அது எந்த ஊரில் காலியாக நிற்கிறதோ அந்த ஊரிலேயே விலை போகிறது. இருபது அடிப் பெட்டி வெளிப்புறத்தில் 6.058 மீட்டர் நீளம், 2.438 மீட்டர் அகலம், 2.591 மீட்டர் உயரம். உள்ளே சுமார் 33 கன மீட்டர் இடம் கிடைக்கும். வெறும் பெட்டியின் எடையே இரண்டேகால் டன்னை ஒட்டி வரும். நாற்பது அடி வாங்கினால் அடிக்கணக்கில் மலிவாகப் படியும் என்று இளைஞர் ஆசை காட்டினார். எங்கள் ஊர்த் தெருவில் அது திரும்பாது.

முதலில் காட்டியது பளபளக்கும் நீலப் பெட்டி. எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. மாமா ஒன்றும் சொல்லாமல் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒரு காந்தத்தை எடுத்தார். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றியதாம். பெட்டியின் அடியில் நீளவாட்டில் ஓடும் கீழ்ச் சட்டத்தின் மேல் அதை வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே போனார். இழுக்கும்போது கையில் ஒரு பிடிப்பு இருப்பது பார்த்தாலே தெரிந்தது. கதவிலிருந்து நான்கு முழம் தள்ளி ஓர் இடத்தில் பிடிப்பு விட்டுப்போய், காந்தம் வழுக்கிக் கைக்குட்டையோடு தரையில் விழுந்தது. என்னையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். ஒரு சாண் நீளத்துக்குக் காந்தம் ஒட்டவே இல்லை. துரு அரித்த ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்துத் தேய்த்து, மேலே நீலம் அடித்திருந்தார்கள். சுத்தியலின் பின்பக்கத்தால் மாமா லேசாகத் தட்டினார். மற்ற இடத்தில் ‘டங்’ என்றது அங்கே ‘டப்’ என்றது. இளைஞருக்கு முகம் மாறவில்லை. “பேப்பர் எல்லாம் பக்கா மேடம் இதுக்கு” என்றார்.

அடுத்த வரிசையில் சாயம் போன செம்மண் நிறப் பெட்டி ஒன்று இருந்தது. பக்கவாட்டில் இரண்டு நசுங்கல்கள், கதவின் கீழ்மூலையில் ஒரு கீறல். இந்தப் பெட்டிகளின் தகடு கோர்டென் என்னும் எஃகு. மேலே படியும் துருவே உள்ளே துரு இறங்காமல் ஓரளவு தடுக்கும் வகையைச் சேர்ந்தது. ஆகவே பழுப்பு நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, செதில் செதிலாகப் பெயர்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தால் போதும் என்றார் மாமா. நசுங்கலும் பெரிய குறையல்ல. ஐந்து அடுக்குச் சுமையைத் தாங்குவது நான்கு மூலைத் தூண்கள். நடுச்சுவர் இரண்டு மில்லிமீட்டர்கூட வராத மடிப்புத் தகடு. சன்னல் வைக்கிறேன் என்று அந்தத் தகட்டை இஷ்டத்துக்கு வெட்டுகிறவர்களையும், மண்ணுக்குள் புதைத்து நிலவறை ஆக்குகிறேன் என்கிறவர்களையும் மாமா பழைய வடசென்னைத் தமிழில் வாழ்த்தினார். அதை இங்கே எழுத முடியாது.

“உள்ள போ கண்ணு, நான் சாத்துறேன்.”

கதவு இரண்டும் மூடி, பூட்டுக் கம்பிகள் மேலும் கீழும் கவ்வும் ஓசை கேட்டபின் ஒரு கணம் ஒன்றுமே தெரியவில்லை. காலை ஒன்பது மணிக்கே உள்ளே அடுப்பங்கரை வெக்கை. என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. கண் இருட்டுக்குப் பழக மூன்று நிமிடமாவது நில், அவசரப்பட்டால் ஓட்டை தெரியாது என்று சொல்லியிருந்ததால் மனதுக்குள் எண்ணிக்கொண்டு நின்றேன். மெதுவாகச் சுவர்களின் மடிப்புகள் உருவெடுத்தன. கூரையைத் தடவித் தடவிப் பார்த்தேன். பொட்டு வெளிச்சம்கூட இல்லை. கதவின் ரப்பர் விளிம்பைச் சுற்றி வந்தேன், அங்கும் இருட்டு. வியர்வை கண்ணுக்குள் இறங்கிய நேரத்தில் கதவைத் தட்டினேன். வலது காது அந்தப் பக்கம் இருந்ததோ என்னவோ, இரண்டாம் முறை ஓங்கித் தட்டிய பிறகுதான் திறந்தார்.

அதே தொகுதியில் வந்த இன்னொரு பெட்டிக்குள்ளும் நின்றேன். அங்கே கூரையின் இடது மூலையிலிருந்து ஊசி போல ஒரு வெளிச்சம் இறங்கி, தரையில் மிளகளவு விழுந்திருந்தது. அதன் வழியே தூசி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன், அழகாகத்தான் இருந்தது. ஐந்து நிமிட வெல்டிங் வேலை என்றார் மாமா.

தரை 28 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை. மரப் பூச்சிகள் நாடு விட்டு நாடு போகாதபடி இந்தப் பலகைக்கு மருந்து ஊட்டுவார்கள். ஆஸ்திரேலியத் தாவரத் தடுப்பு விதிகளுக்காக வந்த வழக்கம் இது. எந்த மருந்து, எந்த ஆண்டு என்பது கதவில் அறைந்திருக்கும் தகட்டில் ஒரு வரியாக இருக்கும். சாப்பிடும் பண்டத்தை வெறும் தரையில் கொட்டிவைக்க நினைக்கிறவர்கள் அந்த வரியைப் படித்துவிட்டுக் கொட்டலாம். எங்களுடையது விதைதான் என்றாலும் தரையில் மரச் சட்டம் போட்டு, தார்ப்பாய் விரித்து, அதன் மேல்தான் மூட்டை என்று குறித்துக்கொண்டேன். அடுத்து, பக்கச் சுவர்களில் சாய்சதுர வடிவில் ஸ்டிக்கர் உரித்த தடம் இருக்கிறதா என்று தேடினோம். ஆபத்தான சரக்கு ஏற்றிய பெட்டிக்கு அந்த அடையாளம் ஒட்டுவார்கள். உரித்தாலும் அந்த இடத்துச் சாயம் மங்காமல் புதிதாகத் தெரியும். எங்கள் இரண்டு பெட்டிகளிலும் அப்படி எதுவும் இல்லை. கடைசியாக மோந்து பார்க்கச் சொன்னார். மணலியில் மூக்கை நம்பிப் பெட்டி வாங்க முடியாது என்பதுதான் நான் காலையில் சொல்லவந்த காரணம். ஒரு துணியை நனைத்துத் தரையில் அழுத்தித் தேய்த்துப் பாலித்தீன் பையில் கட்டி எடுத்துவந்து, வீட்டு மொட்டைமாடியில் கடற்காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று மோந்தோம். பழைய கோணிச் சாக்கின் வாசம். அத்தையும் அதையே சொன்னார்.

அடி வரிசைப் பெட்டிகள் சிலவற்றில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கருப்புக் கோடு ஓடியதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பரில், எண்ணெய் கலந்து வந்த வெள்ளம் நின்ற உயரம் என்றார் மாமா. அந்த வரிசையின் பக்கமே நாங்கள் போகவில்லை.

மூன்றாம் நாள், சனி

இன்று ஜாதகம். விற்பவரின் அலுவலகம் மாதவரம் போகும் சாலையில் ஒரு மாடியறை. நான் இதுவரை அறியாத ஒன்றை இங்கே கற்றேன்: கப்பலில் வரும் பெட்டிக்குள் இருக்கும் சரக்குக்குத்தான் சுங்கம் கட்டுகிறார்கள், பெட்டிக்குக் கட்டுவதில்லை. சுங்க விதி, ஆறு மாதத்துக்குள் திரும்பிப் போய்விடும் என்ற உறுதிப் பத்திரத்தின் பேரில் பெட்டிக்கு வரிவிலக்கு அளிக்கிறது. அதாவது இந்த ஊரில் நிற்கும் வெளிநாட்டுப் பெட்டிகள் எல்லாம் சட்டத்தின் பார்வையில் விருந்தாளிகள். அவற்றில் ஒன்றை இங்கேயே விற்க வேண்டுமானால் அதற்கு இறக்குமதிப் பட்டியல் தாக்கல் செய்து, சுங்கம் கட்டி, இந்தியச் சரக்காக்கிவிட்டுத்தான் விற்க முடியும். எனவே ஜி.எஸ்.டி. ரசீது மட்டும் போதாது. பெட்டியின் எண் குறிக்கப்பட்ட இறக்குமதிப் பட்டியலின் நகல் நம் கைக்கு வர வேண்டும். ‘பில் ஆஃப் என்ட்ரி’ என்று கேட்டால்தான் இங்கே புரிகிறது.

நகலைக் கொடுத்தார்கள். இரண்டாம் பெட்டியின் எண் சரியாக இருந்தது. முதல் பெட்டியில், நான் வியர்த்து நின்ற அந்தச் செம்மண் பெட்டியில், இடித்தது. நேற்று நான் கைபேசியில் எடுத்த படத்தில் ஆறு இலக்கங்களுக்கு நடுவே 17 என்று இருந்தது. காகிதத்தில் அதே இடத்தில் 71. கவனித்துப் பார்த்தபோது, பெட்டி முழுதும் பழைய சாயமாக இருக்க, எண் எழுதிய பகுதி மட்டும் புதுச் சாயத்தில் இருந்ததும் தெரிந்தது. காகிதம் ஒரு பெட்டியுடையது, பெட்டி இன்னொன்றோ என்ற சந்தேகம் வந்துவிட்டது. சுங்கம் கட்டாத பெட்டியை வாங்கி வயலோரம் வைத்துவிட்டு, பின்னால் யாராவது வந்து கேட்டால் நிறுவனத்தின் பெயரில் பதில் சொல்ல வேண்டியவள் நான்.

கீழே இறங்கித் தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். இந்த எண்ணுக்கு ஒரு கணக்கு உண்டு, பெட்டிகளைச் சோதிக்கும் சர்வேயர் ஒருவர் போட்டுக் காட்டியிருக்கிறார், எனக்குத்தான் அது ஏறவில்லை என்றார் மாமா. கணக்கு எழுதுகிறவளுக்கு ஏறாமலா போகும்! கைபேசியில் தேடி எடுத்தேன். ஐ.எஸ்.ஓ. 6346 என்ற தரவிதியில் இருக்கிறது. பெட்டி எண் என்பது நான்கு ஆங்கில எழுத்துகள், ஆறு இலக்கங்கள், கடைசியில் கட்டத்துக்குள் ஓர் இலக்கம். முதல் மூன்று எழுத்துகள் உடைமையாளரைக் குறிக்கும். நான்காவது எழுத்து சரக்குப் பெட்டிக்கு எப்போதும் ‘யு’. எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு: ‘ஏ’ 10, ‘பி’ 12 என்று போகும், 11-இன் மடங்குகளை மட்டும் தாண்டிவிட வேண்டும். ஒவ்வோர் இடத்தின் மதிப்பையும் முறையே 1, 2, 4, 8 என்று இரட்டித்து வளரும் எண்களால் பெருக்கி, பத்தாம் இடத்தில் 512 வரை போய், எல்லாவற்றையும் கூட்டி 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் கட்டத்துக்குள் இருக்க வேண்டிய இலக்கம். மீதி 10 வந்தால் 0 என்று எழுதுவார்கள். ‘யு’-வின் மதிப்பு 32, அதன் பெருக்கி 8, ஆக அந்த ஓர் இடத்துக்கு எந்தப் பெட்டியானாலும் 256 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடலாம்.

பஜ்ஜி மடித்துக் கொடுத்த காகிதத்தின் பின்பக்கத்தில் போட்டேன். பெட்டியில் எழுதியிருந்தபடி, 17 வைத்துப் போட்டால் மீதி 3. பெட்டியின் கட்டத்துக்குள் இருந்ததோ 5. காகிதத்தில் உள்ளபடி, 71 வைத்துப் போட்டேன், மீதி 5. எண்ணெய் பட்ட இடத்தில் பேனா எழுதாமல் போனதால் இன்னொரு முறையும் போட்டுப் பார்த்தேன். விடை மாறவில்லை. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறுவது போன்ற பிழைகளைப் பிடிக்கத்தான் இந்தக் கணக்கை இப்படி அமைத்திருக்கிறார்கள்.

ஆக, நடுவே 17-உம் கட்டத்துக்குள் 5-உம் உள்ள அந்த எண்ணில் உலகத்தில் எந்தப் பெட்டியும் இருக்க முடியாது. 71 உண்மையான எண். ஆனால் உண்மையான எண்ணுள்ள பெட்டி இதுதான் என்பதற்கு அது சாட்சி ஆகாதே? மேலே போய்க் கேட்டதற்கு, “பெயிண்டர் மாத்தி எழுதியிருப்பான், விடுங்க” என்றார்கள். ஏமாற்றுகிறவரும் அதையேதான் சொல்வார். திங்கட்கிழமை வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். நீலப் பெட்டியின் காகிதங்களையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒரு புள்ளி பிசகில்லை.

நான்காம் நாள், ஞாயிறு

யார்டு விடுமுறை. காசிமேட்டிலிருந்து மாமா நெத்திலி வாங்கி வந்தார். வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பெட்டி வாங்குகிறவர்கள் அதிகம் யோசிக்காத விஷயம் இது. பகலில் இரும்பு காய்ந்து உள்ளே இருக்கும் மூட்டைகளின் ஈரம் ஆவியாகும். இரவில் கூரை குளிர்ந்ததும் அந்த ஆவி உள்பக்கத்தில் முத்து முத்தாகக் கோத்துச் சரக்கின் மேல் சொட்டும். மேலே மூலைகளில் இருக்கும் சிறு காற்றுத் துளைகள் அதற்குப் போதாது. எட்டு சதவீத ஈரத்துக்குக் கீழே காயவைக்காத மல்லாட்டையைப் பெட்டிக்குள் அடைத்தால் பூஞ்சணம்தான் மிஞ்சும். பெட்டிக்கு மேலே ஒன்றரை அடி இடைவெளி விட்டுக் கீற்றுக் கொட்டகை போட்டு, கூரைத் தகட்டுக்கு வெள்ளையடித்து, உள்ளே இருக்கும் சூட்டை வெளியேற்ற, காற்றில் சுழலும் உருளை ஒன்றையும் பொருத்தச் சொன்னார். கீற்றுக்கு ஊரில் பஞ்சமில்லை.

ஐந்தாம் நாள், திங்கள்

பெட்டி எண் வெளியில் மட்டும் எழுதப்படுவதில்லை என்பது விடியற்காலையில் மாமாவுக்கு நினைவு வந்திருக்கிறது. நான்கு பக்கமும் கூரையிலும் இருக்கும். பல பெட்டிகளில் உள்ளேயும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். இத்தனை ஆண்டு அதற்குள்ளேயே கிடந்தவனுக்கு அன்று இருட்டு சோதனையில் அது தோன்றாமல் போயிற்றே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

யார்டில் செம்மண் பெட்டியைத் திறந்து டார்ச்சை அடித்தோம். கதவுக்கு அருகே, சுவரின் மேல்விளிம்பை ஒட்டி, தூசியும் ஒட்டடையும் படிந்த ஒரு பட்டை தெரிந்தது. ஏணி கிடைக்கவில்லை. மேற்பார்வை இளைஞர் ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, என் கைக்குட்டையால் துடைத்தார். முதலில் நான்கு எழுத்துகள், பிறகு இலக்கங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. ஏழு, அடுத்து ஒன்று. கட்டத்துக்குள் ஐந்து. தொழிற்சாலையில் ஒட்டிய ஸ்டிக்கர். ஓரம் கூடப் பெயரவில்லை. கதவுத் தகட்டில் இருந்த தயாரிப்பு மாதமும் காகிதத்தோடு பொருந்தியது. அது 1972-ஆம் ஆண்டின் பாதுகாப்பான பெட்டிகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கைப்படி ஒவ்வொரு பெட்டியிலும் இருக்க வேண்டிய தகடு. பக்கச் சுவரில் ஒட்டுத் தகடு போட்ட இடத்தில் பெயிண்டர் எண்ணை மறுபடி எழுதும்போது மாற்றித்தான் எழுதியிருக்கிறார். சனிக்கிழமை நான் பேசிய தொனியை நினைத்துக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இளைஞர் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

மாமா அந்தக் கூச்சத்துக்கு இடம் கொடுக்கவில்லை. நீலப் பெட்டியின் பட்டியையும், செம்மண் பெட்டியின் தப்பான எண்ணையும், இரண்டாம் பெட்டியின் மிளகளவு ஓட்டையையும் ஒரே மூச்சில் எடுத்து வைத்து விலை பேசினார். ஒன்றரை லட்சத்தை ஒட்டித் தொடங்கிய பேச்சு, பெட்டி ஒன்று 1,28,000 ரூபாய், ஓட்டையை அவர்களே அடைப்பது என்பதில் நின்றது, ஜி.எஸ்.டி. தனி. பெட்டியைத் தூக்கி வண்டியில் வைக்கும் ‘லிஃப்ட் ஆன்’ கூலியும் விலையில் சேராது. ட்ரெய்லர் வாடகையும், ஊரில் இறக்க ஹைட்ரா கிரேன் வாடகையும் நம் தலையில். விலை மட்டும் பேசிவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் இந்த மூன்றில்தான் தடுமாறுகிறார்கள். வங்கி வழியே பணம் அனுப்பி, ரசீதிலும் இ-வே பில்லிலும் பெட்டி எண்கள் ஏறியிருக்கின்றனவா என்று இலக்கம் இலக்கமாகப் பார்த்தேன். பழக்கம் தொற்றிக்கொண்டது.

ஆறாம் நாள், செவ்வாய்

ரீச் ஸ்டேக்கர் என்னும் அந்தப் பெரிய வண்டி பெட்டியின் மேல்மூலைகள் நான்கையும் கவ்வித் தூக்கியபோதுதான் அடிப்பாகத்தைப் பார்க்கக் கிடைத்தது. தொங்கும் பெட்டிக்குக் கீழே தலையை நீட்டக் கூடாது. பத்தடி தள்ளிக் குனிந்து பார்க்க வேண்டும். குறுக்குச் சட்டங்கள் நேராக இருந்தன, ஒன்றில் மட்டும் லேசான வளைவு. மாமா தலையசைத்தார்.

இருபது அடிப் பெட்டி இரண்டையும் நாற்பது அடி ட்ரெய்லர் ஒன்றிலேயே முன்னும் பின்னுமாக வைத்துவிடலாம் என்பதால் ஒரு வாடகை மிச்சம். கயிறு கிடையாது, சங்கிலி கிடையாது. ஒவ்வொரு பெட்டிக்கும் கீழ்மூலைக் குழிகள் நான்கிலும் ட்விஸ்ட் லாக் என்னும் திருகுப் பூட்டு நுழைந்து கால் சுற்றுத் திரும்பினால் முடிந்தது. மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 1956 ஏப்ரல் 26 அன்று 58 பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பியதுதான் இந்தத் தொழிலின் தொடக்கம் என்பார்கள். லாரிக்காரர் யோசனை என்பது ஓட்டுநர் பெட்டியைப் பூட்டிய வேகத்திலேயே தெரிந்தது. அவர் வாயிலிருந்த பீடி அணையவில்லை.

கிளம்பும் முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. விற்ற பெட்டியில் பழைய உடைமையாளரின் எழுத்துகளும் எண்ணும் இருக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். சாய டப்பாவும் பட்டை பிரஷ்ஷுமாக ஒருவர் வந்தார். இவர்தான் 17 எழுதியவர் என்று இளைஞர் என் காதில் சொன்னார். அறுபது வயதிருக்கும், தடித்த கண்ணாடி. ட்ரெய்லர் மேல் ஏறி நின்று, “எது வரைக்கும் அழிக்கணும்மா?” என்று கேட்டார். எல்லாவற்றையும் என்றேன். அந்தப் பதினேழு முதலில் போயிற்று. கட்டத்துக்குள் இருந்த ஐந்து கடைசியில் போயிற்று. உள்ளே இருக்கும் ஸ்டிக்கரை என்ன செய்வது என்று கேட்டார். அதையும் கிழிக்கச் சொன்னேன். கிழிப்பதற்கு முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

நெரிசல் குறைந்து வண்டி நகர இரவு பத்தேகால் ஆயிற்று. மாதவரம், புழல், அங்கிருந்து புறவழிச்சாலை, பெருங்களத்தூர், திண்டிவனம் என்று ஓட்டுநருக்கு வழி மனப்பாடம். ட்ரெய்லர் மேல் பெட்டியோடு சேர்த்து நான்கு மீட்டர் உயரம் வரும், ஊர் முனையில் தாழ்ந்து தொங்கும் கேபிள் கம்பியைத் தூக்கிப்பிடிக்க இரண்டு பையன்களை நிறுத்தி வைக்கச் சொன்னார்.

ஏழாம் நாள், புதன்

விடியற்காலை ரயிலில் நான் ஊர் சேர்ந்தபோது ட்ரெய்லர் பெரிய சாலையிலேயே நின்றிருந்தது. ஹைட்ரா கிரேன் ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிக்கொண்டு ஆள் நடக்கும் வேகத்தில் களத்துமேட்டுக்கு வந்தது. மூலைக்கு ஒன்றாகக் கட்டிவைத்த கான்கிரீட் திண்டுகளின் மேல் இரண்டையும் இறக்கினார்கள். செம்மண் பெட்டியின் கதவைத் தலைவர் கையால் திறந்தாயிற்று, கற்பூரம் காட்டியாயிற்று. மூடப்போனால் வலது கதவு அரை அங்குலம் தூக்கிக்கொண்டு நின்றது, கம்பி கவ்வவில்லை. நான்கு பேர் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். மணலியில் என்னை உள்ளே வைத்துச் சிரமமில்லாமல் மூடிய அதே கதவு.

மாமாவைக் கைபேசியில் அழைத்தேன். இடது காதுக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னேன். கதவில் குறையிருக்காது, நிற்கும் இடத்தில்தான் குறை. எந்த மூலை தாழ்ந்திருக்கிறது, ட்யூப்பில் தண்ணீர் மட்டம் வைத்துப் பார் என்றார். பார்த்தோம். பின்பக்க இடது திண்டு முக்கால் அங்குலம் இறக்கம். ஜாக்கியால் அந்த மூலையைத் தூக்கி, பழைய கலப்பைத் தகடு இரண்டைச் செருகி இறக்கினோம்.

“இப்ப சாத்துதா?” என்று கேட்டார்.

தலைவரின் பேத்தி ஒற்றைக் கையால் சாத்தினாள்.